முகாம் தண்ணீர், முகாம் கழிப்பறை: நட்சத்திரம் போட்டுப் பார்த்தேன்

காதில் மாட்டும் கருவிக்கு விமர்சனம் எழுதுகிறார்கள், செருப்புக்கு எழுதுகிறார்கள், பாத்திரம் தேய்க்கும் நாருக்குக்கூடப் படம் பிடித்துப் போட்டு எழுதுகிறார்கள். அகதி முகாமில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் தண்ணீர்க் கேனுக்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் கிடையாது. பயன்படுத்துகிறவர் அதை வாங்கவில்லை, வாங்கியவர் அதிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க முடியாது, இந்தச் சேவைக்குப் பக்கத்துக் கடை என்று ஒன்றும் கிடையாது.

நான் சில வருடங்கள் இந்த வேலையில் இருந்தேன். குழாய் போடுவது, தொட்டி பூட்டுவது, குளோரின் அளப்பது, கழிப்பறை எண்ணுவது. துறையில் எல்லாவற்றையும் சேர்த்து 'வாஷ்' என்பார்கள். தண்ணீர், கழிப்பறை, கை கால் சுத்தம் மூன்றும் ஒரே பொட்டலம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கொடுக்கிற பக்கம் நின்றவன், வரிசையில் நின்றவன் கிடையாது. நான் போடும் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் அரை நட்சத்திரம் கழித்துக்கொண்டு படியுங்கள். நான் இருந்த முகாம்களின் பெயர் இங்கே வராது. பெயரோடு வரும் இடங்கள் எல்லாம் ஏற்கெனவே ஊரறிந்த கதைகள்.

சரி, வாக்குறுதி என்ன என்று முதலில் பார்ப்போம். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கில் மக்கள் எல்லை தாண்டி, அன்று ஜயர் என்ற பெயரில் இருந்த காங்கோ நாட்டின் கோமா நகரைச் சுற்றிக் குவிந்தார்கள். எரிமலைப் பாறை நிலம், கடப்பாரை இறங்காது, கழிப்பறைக் குழி வெட்ட வழியில்லை. பக்கத்தில் கீவு ஏரி, குடிக்க அந்தத் தண்ணீர்தான். காலராவும் சீதபேதியும் சேர்ந்து முதல் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேரை வாரிக்கொண்டு போயின. உதவ வந்த அமைப்புகளுக்குக் குறைவில்லை, ஆனால் எது போதும், எது போதாது என்று எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. அதற்குப் பிறகு, அப்படி ஒரு அளவுகோலை வகுக்க, 1997-ல் ஸ்பியர் என்ற முயற்சி தொடங்கியது. அதன் கையேட்டின் 2018 பதிப்பைத்தான் இன்றும் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள், வரிசையில் அரை மணிக்கு மேல் நிற்கக் கூடாது. ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, நிலைமை கொஞ்சம் ஆறிய பிறகு 20 பேருக்கு ஒன்று. ஐ.நா. அகதிகள் ஆணையம் அவசரக் கட்டம் தாண்டியதும் 20 லிட்டர் கேட்கிறது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 250-ஐ ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாயில் நிமிடத்துக்கு ஏழரை லிட்டர் வரும், நாளைக்கு எட்டு மணி நேரம் தண்ணீர் விடுவோம் என்று வைத்துத்தான் அந்த எண்ணை எடுக்கிறார்கள். எட்டு மணி நேரத்தில் 3,600 லிட்டர். 250 பேருக்குப் பிரித்தால் 14.4 லிட்டர். அதாவது ஒரு நொடிகூட வீணாகாமல் ஓடினாலே பதினைந்து வரவில்லை. 3,600 லிட்டர் என்றால் இருபது லிட்டர் கேனில் 180 கேன்; ஒரு கேனை நகர்த்தி அடுத்ததை வைக்கப் பதினைந்து நொடி என்றால் முக்கால் மணி நேரம் அதிலேயே போச்சு. மிச்சம் ஆளுக்குப் பதின்மூன்று லிட்டர். இதில் குழாயை யாரோ சரியாக மூடாதது, நடுவில் புகுந்து நிற்பவர், அதனால் வரும் சண்டை எதையும் நான் சேர்க்கவில்லை. கையேட்டில் குறை சொல்லவில்லை. 'குறைந்தபட்சம்' என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது. அந்தக் குறைந்தபட்சத்தையே இலக்காக வைத்து, தொட்டதும் 'முடிந்தது' என்று டிக் போடுகிற எங்களைத்தான் குறை சொல்கிறேன்.

இனி பொருள்கள். முதலில் கேன்.

கேன் இரண்டு வகை. ஒன்று மடக்கிக் கொண்டுவரக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் கேன், பெரும்பாலும் பத்து லிட்டர். விமானத்தில் ஏற்ற அருமையான பொருள், ஒரு பெட்டிக்குள் எத்தனையோ அடுக்கிவிடலாம். அதாவது அனுப்புகிறவருக்கு ஐந்து நட்சத்திரம். வாங்கிக்கொள்கிறவருக்கு இரண்டரை. மடிப்பு விழுந்த இடத்தில் சில மாதங்களில் வெடிப்பு விடும், நிமிர்த்தி வைத்தால் சாயும், காலியானால் காற்றில் பறக்கும். இன்னொன்று கெட்டியான ஜெர்ரிகேன், பெரும்பாலும் சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் கேன், இருபது லிட்டர். அதைப் போட்டு மிதித்தாலும் ஒன்றும் ஆகாது, மூடி தொலைந்தால் கந்தல் துணி அடைத்தாவது ஓட்டலாம். ஆனால் நிரம்பினால் இருபது கிலோ. அதைத் தூக்குவது யார் என்று குழாயடியில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்: பெண்களும், கேனைவிடக் கொஞ்சமே கனமான பிள்ளைகளும்.

குறுகிய வாய் இருப்பது ஒரே நேரத்தில் நல்லதும் கெட்டதும். நல்லது, யாரும் கையையோ குவளையையோ உள்ளே விட முடியாது. இது சின்ன விஷயம் இல்லை. 1993-ல் மலாவியில் மொசாம்பிக் அகதிகள் இருந்த நியாமிதுது முகாமில் ஒரு சோதனை நடந்தது. சில குடும்பங்களுக்கு மூடி போட்ட, கை நுழையாத வாளி கொடுத்தார்கள், மற்றவர்கள் வழக்கமான திறந்த வாளியையே வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் ஒன்றுதான், வாளி மட்டும்தான் வேறு. புது வாளித் தண்ணீரில் மலக்கிருமி அளவு 69 சதவீதம் குறைவு. அந்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு 31 சதவீதம் குறைவு. கிணறு வெட்டவில்லை, பம்பு வைக்கவில்லை. ஒரு மூடிதான்.

கெட்டது, உள்ளே தேய்க்க முடியாது. வெயில் படும் கேனில் பாசி பிடிக்கும், உள்சுவரில் வழுவழுவென்று ஒரு படலம் வரும். ஒரு கைப்பிடி பொடிக்கல்லும் சோப்புத் தண்ணீரும் போட்டு மூடிக் குலுக்குவார்கள், நன்றாகவே வேலை செய்யும், ஆனால் சோப்பு இருந்தால். கெட்டி கேனுக்கு நான் நான்கு போடுவேன். கூடவே ஒரு வேண்டுகோள்: ஒரே ஒரு இருபது லிட்டர் கேனுக்குப் பதில் இரண்டு பத்து லிட்டர் கொடுங்கள். பிள்ளைகளின் கையும் தோளும் தப்பிக்கும்.

அடுத்தது குளோரின். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்ததும், மிகவும் ஏமாற்றம் தந்ததும் இதுதான்.

வேலை எப்படி நடக்கிறது என்றால், தொட்டியில் குளோரின் கரைசல் கலப்போம், குழாயடிக்குப் போய் ஒரு சின்னப் பெட்டியில் தண்ணீர் பிடித்து ஒரு மாத்திரையைக் கரைப்போம், இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின் மிச்சம். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை என்பதுதான் பலகாலமாகச் சொல்லிவந்த அளவு. ரோஜா நிறம் வந்தால் எங்களுக்கு நிம்மதி, தாளில் எழுதிக்கொண்டு அடுத்த குழாய்க்கு நடப்போம்.

ஒருநாள் வயதான ஒரு பெண்மணி, மொழிபெயர்ப்பாளர் மூலமாக, "உங்கள் ரோஜாத் தண்ணீரை என் வீட்டுக்கும் வந்து காட்டுங்கள்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். போனோம். காலையில் அதே குழாயில் பிடித்த தண்ணீர், கூடாரத்தின் மூலையில் கேனில் இருந்தது. மாத்திரை போட்டேன். நிறமே இல்லை. இன்னொரு மாத்திரை போட்டேன், ஏதோ பழைய மாத்திரை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று. அதுவும் வெள்ளைத் தண்ணீராகவே நின்றது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எங்களுக்கு உட்காரப் பாய் எடுத்துப் போட்டார்.

இது என் முகாமுக்கு மட்டும் நடந்தது இல்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். குளோரின் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்காது. வெயிலில் வேகமாகக் குறையும், கேனின் உள்படலத்தைத் தின்னும்போது குறையும், குவளை பட்டால் குறையும். 2012-ல் தெற்கு சூடானின் மபான் முகாம்களில் ஹெபடைடிஸ் ஈ பரவியது, கர்ப்பிணிகளைக் குறிவைத்துக் கொல்லும் மஞ்சள் காமாலை அது. அந்தச் சமயத்து அனுபவத்திலிருந்து, குழாயில் சரியாக இருக்கும் அளவு வீட்டில் பல மணி நேரம் கழித்துப் போதவில்லை என்று அளந்து காட்டினார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் கனடாவின் யார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு கணினிக் கருவியே உருவாக்கியிருக்கின்றன. அதே தண்ணீரைக் குழாயிலும் சில மணி நேரம் கழித்து வீட்டிலும் அளந்து கொடுத்தால், இந்த முகாமுக்குக் குழாயில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும். என் பார்வையில் இந்தத் துறையில் சமீபத்தில் வந்த உருப்படியான விஷயம் இதுதான், அலட்டலே இல்லாமல் வந்தது.

அளவைக் கூட்டினால் அடுத்த தலைவலி: வாசனை. "மருந்து நாற்றம்" என்று சொல்லி ஓடைத் தண்ணீருக்குப் போய்விடுவார்கள். ஓடைத் தண்ணீர் குளிர்ச்சி, ருசி, கிருமியோடு. அதற்கு மேல் வதந்தி வேறு, குளோரின் போட்ட தண்ணீர் குடித்தால் பிள்ளை பிறக்காது என்று. இந்த வதந்தி கண்டம் கண்டமாகச் சுற்றுகிறது, நாங்கள் போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். சிரிக்க வேண்டாம், சொந்த ஊரை விட்டு அடித்துத் துரத்தப்பட்டவர்களிடம், யாரோ முகம் தெரியாதவன் வந்து உன் தண்ணீரில் எதையோ கலக்கிறான் என்றால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

வீட்டிலேயே சுத்தம் செய்யும் பொட்டலங்களும் உண்டு. ஒரு பொட்டலம் பத்து லிட்டருக்கு. கொட்டி ஐந்து நிமிடம் கலக்க வேண்டும், ஐந்து நிமிடம் தெளிய விட வேண்டும், துணியில் வடிகட்ட வேண்டும், அப்புறம் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். சேற்றுத் தண்ணீர் கண்ணெதிரே கண்ணாடியாகத் தெளிவதைப் பார்க்கும்போது மாயாஜாலம் போலத்தான் இருக்கும், செய்முறை விளக்கத்துக்கு ஐந்து நட்சத்திரம். ஆறு பேர் உள்ள குடும்பத்தில் தினமும் இதைச் செய்யச் சொன்னால்? இரண்டு வாளி, ஒரு சுத்தமான துணி, ஒரு கரண்டி, அரை மணி நேரம். வெள்ளம் வந்த முதல் வாரத்துக்குச் சரி. வருடக்கணக்காக ஓட்டுகிற ஏற்பாடு கிடையாது.

தொட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. நெளிநெளி இரும்புத் தகடுகளைத் திருகாணி போட்டு வட்டமாக இணைத்து, உள்ளே ரப்பர் விரிப்புப் போட்டால் தொட்டி. ஆக்ஸ்பாம் என்ற உதவி அமைப்பின் பெயரால் ஆக்ஸ்பாம் தொட்டி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான், டி11, டி45, டி70, டி95 என்று அளவுக்கேற்ற பெயர். பழகிய ஒரு குழு ஓரிரு நாளில் நிறுத்திவிடும், வருடக்கணக்கில் நிற்கும். நாலரை. அரை கழித்தது, அத்தனை திருகாணியும் முடுக்கிய என் விரல்களுக்காக. தொட்டியை நிரப்பும் தண்ணி லாரிக்கு ஒன்றரை. முதல் வாரம் கடவுள் மாதிரி வரும். மழை பெய்து வழி சேறானால் வராது, டீசல் தீர்ந்தால் வராது, வந்தாலும் அதற்குக் கொடுக்கும் காசில் கொஞ்ச காலத்தில் குழாயே போட்டிருக்கலாம். 'தற்காலிகம்தானே' என்று லாரியை வைத்தே வருடங்களை ஓட்டிய முகாம்கள் உண்டு. சூரிய மின்சாரத்தில் ஓடும் ஆழ்துளைக் கிணற்றுப் பம்பு இப்போது பல முகாம்களில் வந்துவிட்டது நல்ல செய்தி.

கழிப்பறை. இங்கேதான் கொஞ்சம் நிதானமாக எழுதப் போகிறேன்.

பகலில் போய்ப் பார்த்து மதிப்பெண் போட்டால் முகாம் கழிப்பறைக்கு மூன்று தரலாம். பிளாஸ்டிக் தளம், கால் வைக்கும் இடம், ஓட்டை, சுற்றிலும் தார்ப்பாய், கூரை, கதவு. ராத்திரி போய்ப் பார்க்க வேண்டும். நான் ஆண், கையில் டார்ச், கூட ஒரு காவலாளி, அப்படியும் அந்தப் பாதையில் நடக்க எனக்கு மனம் வரவில்லை. கூடாரக் கயிறு காலில் சிக்கும், வடிகால் எங்கே என்று தெரியாது, இருட்டில் யாரோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், யார் என்று தெரியாது. உள்ளே போய் விளக்கை வைத்தால் தார்ப்பாய்க்கு வெளியே நிழல் முழுசாகத் தெரிகிறது. இதை வடிவமைத்தவர் பகலில் வரைந்திருக்கிறார், பகலில் கட்டியிருக்கிறார், பகலில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்.

2017 ஆகஸ்டுக்குப் பிறகு சில மாதங்களில் ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு வந்தார்கள். அவசர அவசரமாகக் கழிப்பறைகள் கட்டினார்கள், எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஆழமில்லாத குழிகள் சீக்கிரமே நிறைந்தன, பல கழிப்பறைகள் அடிகுழாய்களுக்குப் பக்கத்திலேயே இருந்தன, சிலதைக் கட்டிய கொஞ்ச நாளிலேயே மூட வேண்டி வந்தது. பெண்கள் ராத்திரி போகப் பயந்து, மாலைக்கு மேல் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டார்கள். தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் ஒரு கழிப்பறையின் விளைவு என்றால் அதற்கு எத்தனை நட்சத்திரம் போடுவது? பிறகு ஆக்ஸ்பாம் அங்கே பெண்களைக் கட்டடக் கலைஞர்களோடு உட்கார வைத்துக் கழிப்பறையையும் குளியலறையையும் வடிவமைக்கச் சொன்னது. செய்திருக்க வேண்டிய முதல் வேலை, இரண்டாவதாகவாவது நடந்தது.

வயதானவர்களுக்கு இந்தக் குந்தும் தளம் எழவே முடியாத தளம். ஒரு கைப்பிடிக் கம்பி போதும், நடுவில் ஓட்டை போட்ட ஒரு நாற்காலி போதும். குழந்தைகளுக்கு ஓட்டை பெரிது, விழுந்துவிடுவோம் என்று பயந்து வெளியே போவார்கள், அந்த மலம் கூடாரங்களுக்கு நடுவே கிடக்கும். குழந்தை மலம் ஒன்றும் செய்யாது என்று நினைப்பவர்கள் நிறைய. கிருமிக்கு வயது கிடையாது.

உலகத்திலேயே நேர்மையான முகாம் கழிப்பறை விமர்சனம் ஜோர்டானின் சாத்தரியில் எழுதப்பட்டது என்பேன், அதுவும் கடப்பாரையால். 2012 ஜூலையில் திறந்த சிரிய அகதிகள் முகாம் அது, இன்று பார்த்தால் ஒரு நகரம். பொதுக் கழிப்பறைக் கட்டடங்கள் கட்டிக் கொடுத்தார்கள். மக்கள் அவற்றை உடைத்து, குழாய், பீங்கான், கதவு எனக் கழற்றிப் போய், தங்கள் வீட்டோடு ஒட்டித் தனிக் கழிப்பறை கட்டிக்கொண்டார்கள். அறிக்கைகளில் இதைச் 'சேதம்' என்று எழுதினோம். சேதம் இல்லை ஐயா, அது வாடிக்கையாளர் கருத்து. பொதுக் கழிப்பறை வேண்டாம், வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? கடைசியில் அங்கே வீடுகளுக்கே குடிநீர்க் குழாயும் கழிவுநீர் இணைப்பும் போட்டார்கள், முகாமுக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. அடியில் அந்த வறண்ட நாட்டின் முக்கியமான நிலத்தடி நீர் இருக்கிறது என்பதும் ஒரு காரணம்.

கட்டியாச்சு, அப்புறம்? குழி நிறையும். ஒரு ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் ஐம்பது லிட்டர் கசடு சேரும் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். இருபது பேர் என்றால் ஒரு கன மீட்டர். ஐம்பது பேர் போனால் இரண்டரை. நிஜத்தில் இன்னும் வேகமாக நிறையும், ஏனென்றால் மக்குவதற்கு நேரமே கிடைக்காது, கழுவும் தண்ணீரும் உள்ளே போகிறது. இதெல்லாம் முதல் நாளே தெரிந்த கணக்கு. ஆனால் கழிப்பறை கட்டப் பணம் கொடுப்பவர்கள் பத்துப் பேர் என்றால் குழி வார இரண்டு பேர்கூட வர மாட்டார்கள். வந்தாலும், மலைச்சரிவில் கூடாரங்களுக்கு நடுவே உறிஞ்சும் லாரி எப்படி ஏறும்? சின்னப் பம்பு வைத்துப் பீப்பாயில் பிடித்து, ஆட்கள் தூக்கி இறக்குகிறார்கள். காக்ஸ் பஜாரில் 2019-ல் ஆக்ஸ்பாமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் திறந்த மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 1,50,000 பேரின் கழிவைக் கையாளும் அளவு கொண்டது, அகதி முகாம் ஒன்றில் அதுவரை கட்டியதிலேயே பெரியது. ரிப்பன் வெட்டப் பிரபலங்கள் வரிசை கட்டும் இடமாக இருக்காது. எனக்கு அது தாஜ்மஹால்.

மண்புழுக் கழிப்பறை என்று ஒன்று உண்டு, குழிக்குள் புழுக்கள் கசடைத் தின்று அளவைக் குறைத்துவிடும். எத்தியோப்பியாவிலும் மியான்மரிலும் முகாம்களில் வைத்திருக்கிறார்கள். இடம் குறைவான, லாரி வராத இடத்துக்கு நல்ல யோசனை. ஆனால் யாரோ நல்ல எண்ணத்தில் பிளீச்சிங் பவுடர் தூவிச் சுத்தம் செய்தால் புழுக்கள் கதி அதோகதி. நான்கு போடலாம், ஒரு எச்சரிக்கைப் பலகையோடு.

சோப்பு. ஆளுக்கு மாதம் 250 கிராம் குளிக்க, 200 கிராம் துணி துவைக்க. சில வீடுகளில் சோப்பைச் சந்தையில் விற்று உணவு வாங்குவார்கள், அதைப் பார்த்து "இவர்களுக்குச் சுத்தத்தின் அருமை தெரியவில்லை" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பசித்த பிள்ளையையும் சோப்பையும் பக்கத்தில் வைத்து யோசித்தால் அருமை தெரியாதது யாருக்கு என்று விளங்கும். கை கழுவும் இடங்களில் குழாய் வைத்த வாளி இருக்கும், சோப்பு இருக்காது. காணாமல் போகிறது என்று புலம்பாமல் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் கட்டித் தொங்கவிட்டால் அதை யாரும் எடுத்துப் போவதில்லை.

கிருமிக்குக் கண்ணும் பல்லும் வரைந்த சுவரொட்டிகளுக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் ஓவியருக்காக. குழந்தைகளிடம் வேலை செய்தது வேறு. ஈராக்கில் இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில், உள்ளே குட்டிப் பொம்மை தெரிகிற கண்ணாடி மாதிரியான சோப்பு கொடுத்துப் பார்த்தார்கள். சோப்பு கரைந்தால் பொம்மை கையில் வரும். சாதாரண சோப்பு வாங்கிய பிள்ளைகளைவிட இவர்கள் கை கழுவுவது ஏறத்தாழ நான்கு மடங்கு. அறிவுரை கிடையாது, கிருமிப் பாடம் கிடையாது. பொம்மை வேண்டும், அவ்வளவுதான்.

மாதவிடாய்ப் பெட்டியைப் பற்றி நான் விமர்சனம் எழுதக் கூடாது, கேட்டதை மட்டும் சொல்கிறேன். துவைக்கக்கூடிய துணி கொடுத்தால் போதும் என்று ஆண்கள் முடிவு செய்வோம். துவைக்கத் தண்ணீர், மறைவான இடம், மூடியுள்ள வாளி, பிறர் கண்ணில் படாமல் காயப்போடக் கயிறு, உள்ளாடை, இதெல்லாம் கூட இல்லாமல் அந்தத் துணியை என்ன செய்வது என்று கேட்டார்கள். 2013-ல் செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பு புருண்டியின் புவாகிரிசா முகாமில் பெட்டிகளைக் கொடுத்துப் பார்த்து, பயன்படுத்திய பெண்களிடமே கேட்டு அறிந்தது. கேட்டுவிட்டுக் கொடுப்பதற்கும் கொடுத்துவிட்டுக் கணக்கெழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வாளியிலும் கயிற்றிலும்தான் தெரிகிறது.

கடைசியாக வாடிக்கையாளர் சேவை. நான் இருந்த இடத்தில் புகார்ப் பெட்டி ஒன்று வைத்திருந்தோம், அழகான நீலப் பெட்டி, பூட்டு போட்டு. சாவி யாரிடம் என்று இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைத்துத் திறந்தபோது உள்ளே ஆறு தாள். அதில் நான்கு, முகாமில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, பெட்டி எதற்கு என்று கேட்டு. ஒன்று வேலை கேட்டு. மிச்சம் ஒன்று, ஒரு குழாயில் இரவு பகலாகத் தண்ணீர் சொட்டுகிறது என்று. போய்ப் பார்த்தோம், இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. பெட்டிக்குப் பூஜ்யம். அதைவிட, கழிப்பறை வரிசைக்கு ஒரு ஆளை மக்களே தேர்ந்தெடுத்து, அவர் கையில் துடைப்பம், பசை, நாலு திருகாணி, ஒரு திருப்புளி கொடுத்து, மாதச் சம்பளமும் ஒழுங்காகக் கொடுத்த இடங்களில் புகாரே குறைந்தது.

எல்லாம் சேர்த்து எத்தனை என்று கேட்காதீர்கள், கூட்டிப் பார்த்தேன், மனசாட்சிப்படி ஒரு எண் வரவில்லை. எந்த 'ஆனாலும்' இல்லாமல் முழு ஐந்து நட்சத்திரம் இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் போடுகிறேன்: உள்பக்கத் தாழ்ப்பாள். கைவிரல் நீள இரும்பு. பெண்கள் கூட்டத்தில் விளக்கு, பாதை, தாழ்ப்பாள் என்று மூன்று கேட்டார்கள், கையில் இருந்த பணத்துக்கு உடனே முடிந்தது தாழ்ப்பாள் மட்டும். ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து பூட்டினோம். பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பெண், நாங்கள் ஆணியடித்து முடித்த கதவுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள், உள்ளிருந்து தள்ளிப் பார்த்தாள். வெளியே வந்து, அடுத்த கதவில் ஒரு திருகாணி குறைகிறது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வரிசைக்குப் போனாள்.